தேக்காவின் பழங்கதையும் நம் பாட்டன் பெயரும்

(சிங்கப்பூர், தேக்காவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசிப் பழகிய மேடையில், ஊர்ச் சரித்திரமும் வம்ச வரலாறும் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். வம்சாவளி என்பது ராஜாக்களுக்கும் மிட்டாதாரர்களுக்கும் உரியது, பால் மரம் வெட்டுகிறவனுக்கு எதற்கு என்று கேட்கவும் கூடும். கேட்பது நியாயமே. ஆனால், "உன் தகப்பன் எங்கே பிறந்தான்? அதற்கு அத்தாட்சி எங்கே?" என்று சர்க்கார் காரியாலயத்துச் சன்னலுக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்கின்றாரே, அந்தக் கேள்வியை ராஜாக்களிடம் யாரும் கேட்பதில்லை. நம்மிடந்தான் கேட்கின்றார்கள். ஆகையினால்தான் நாம் இதைப் பேச வேண்டியிருக்கின்றது.

முதலில் நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த இடத்தைப் பார்ப்போம். தேக்கா என்கின்றோம். தேக்கு மரம் நின்ற இடம் போலும் என்று நம்மவர் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். (சிரிப்பு) அப்படியல்ல. ஹொக்கியன் சீனத்தில் 'தெக்' என்றால் மூங்கில், 'கா' என்றால் கால். மூங்கில் புதரின் அடி என்று பொருள். ரோச்சோர் ஆற்றோரம் மூங்கில் வளர்ந்த இடம். மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றனர். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். தண்ணீரும் புல்லும் இருந்தபடியால் மாட்டு வியாபாரிகள் இங்கே வந்தனர். மாட்டுக்காரனுக்குப் பின்னால் பால்காரன், வண்டிக்காரன், தோல் பதனிடுகிறவன், கசாப்புக்காரன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். அவர்களில் கணிசமானோர் நம் ஜனங்கள்.

1915-ல் கட்டிய சந்தைக்கும் கண்டாங் கெர்பாவ் சந்தை என்றே பெயர். 1982-ல் சந்தை சாலையைத் தாண்டி இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது, மாண்டரின் உச்சரிப்பில் 'சூச்சியாவ்' என்று பலகை மாட்டினார்கள். அதே மூங்கிலடிதான். ஆனால் சீனரும் அப்படிச் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. மீன் வாங்க வந்த கிழவி தேக்கா என்றுதான் சொன்னாள். 2000-ல் பலகையைக் கழற்றித் தேக்கா என்றே மாற்றி மாட்டினர். சர்க்கார் பெயருக்கும் ஜனங்களின் பெயருக்கும் போட்டி வந்தால் ஜனங்களும் சில வேளை ஜெயிக்கின்றனர் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் வேண்டியதில்லை. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட நீ சூன் பெயரில் வழங்கிய கிராமத்தை 'யீஷூன்' ஆக்கியபோது மட்டும் அந்த ஜெயம் கிட்டவில்லை.

இன்னொரு பெயரைச் சொல்கின்றோம். நம் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று பெயர் உண்டு. பக்கத்திலேயே கம்போங் கப்போர் என்ற சாலை இருக்கின்றது. கப்போர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. ஆக, தமிழனும் மலாய்க்காரனும் ஒன்றையே சொன்னார்கள். சிராங்கூன் சாலை நெடுகிலும் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. துறைமுகத்து வெள்ளைக் கட்டடங்களைப் பார்த்து இன்று படம் பிடிக்கின்றார்களே, அவற்றுக்குரிய கல்லும் சுண்ணாம்பும் சும்மா வரவில்லை. சூளையில் நின்றவன் வெந்தான். 1825-ல் பெங்கூலனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இந்தியக் கைதிகள் முதற்கொண்டு, 1873-ல் அந்தக் கைதி முறை ஒழியும்வரை, சாலை போட்டதும் சதுப்பு தூர்த்ததும் மாதா கோயிலுக்கும் கவர்னர் மாளிகைக்கும் கல் சுமந்ததும் நம் நாட்டிலிருந்து வந்தவர்களே.

சரி, அவர்கள் பெயர் எங்கே? தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரில் ஒரு சாலை. கசாப்புத் தொழில் நடத்திய தெஸ்கர் பெயரில் ஒரு சாலை. இந்தியாவைப் பிடித்த கிளைவ் பெயரிலும் ஒரு தெரு. நம்மவர் என்று பார்த்தால் டாக்டர் வீராசாமி பெயரில் ஒன்று. மாட்டுக்குக் கூடத் தெரு உண்டு தோழர்களே. 'பஃபலோ ரோடு' என்றும் 'கெர்பாவ் ரோடு' என்றும் இரண்டு உண்டு. மாடு மேய்த்தவனுக்குத்தான் இல்லை! (கைதட்டல்)

பெயர் தெரிந்தவர் சிலரையும் சொல்லத்தான் வேண்டும். 1819-ல் ராஃபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கற் சூளை வைத்தவர். 1827-ல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலியவர். மாயவரத்திலிருந்து 1905-ல் கையில் காசில்லாமல் வந்த கோவிந்தசாமிப் பிள்ளை, மளிகைக் கடையில் வேலை பார்த்துப் பின்பு இந்தச் சிராங்கூன் சாலையிலேயே ஜவுளியும் மளிகையுமாகக் கடைகள் வைத்தார். பெருமாள் கோயிலுக்கு வாரி வழங்கினார். கல்யாண மண்டபத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெருமாள் கோயில் நிலத்தை 1851-ல் கும்பினியாரிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கினார்கள் என்பது எழுத்தில் இருக்கின்றது. எட்டணா வரைக்கும் கணக்கு இருக்கின்றது! அந்த எட்டணாவில் யார் யாருடைய காலணா கலந்திருந்தது என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தத் தேக்கா புதிதல்ல. 1924-ல் கடற்பாலம் திறந்த பின்பு தீபாவளிக்குச் சேலை, வேட்டி, மாலைச் சாமான், மருந்து எண்ணெய் என்று இங்கே வராத தோட்டக் குடும்பம் குறைவு. இதே தீவிலும் மண்டாய், செம்பவாங், நீ சூன் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இங்குள்ள தாவரத் தோட்டத்தில் 1877-ல் 22 கன்றுகள் வந்து இறங்கியதிலிருந்துதான் மலாயாவின் ரப்பர்க் கதை தொடங்குகின்றது. பட்டையை அழிக்காமல் பால் இறக்கும் முறையை அங்கே கண்டு சொன்னவர் ரிட்லி துரை. அவருடைய பிறந்த தேதி, வளர்ந்த ஊர், வேலைக்கு வந்த வருஷம் எல்லாம் புத்தகத்தில் உண்டு. அவர் கண்டுபிடித்த வெட்டை மூன்று தலைமுறையாக வெட்டிய நம் குடும்பத்துக்கு என்ன எழுத்து இருக்கின்றது?

இங்கேதான் நாம் பேச வந்த விஷயத்துக்கு வருகின்றோம்.

நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார்களே நம்மவர், 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், அவர்களுக்குக் கப்பல் வாரியாகப் பதிவேடு இருக்கின்றது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு வரைக்கும் எழுதினார்கள். அன்பினால் அல்ல; ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள்! ஆனால் அந்தக் கொடுமையான ஏடே இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கப் பெட்டியாகி விட்டது. மொரீஷியஸிலும் அப்படியே, புகைப்படம்கூட உண்டு. மலாயாவிலோ 1910-ல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நம்மில் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போவார். சுற்றிலுமுள்ள நாலைந்து கிராமங்களில் ஆள் கட்டுவார். கிராம முனிசீப்பிடம் காட்டுவார். நாகப்பட்டினம் அல்லது ஆவடி டிப்போ, பிறகு கப்பல், பிறகு செயின்ட் ஜான்ஸ் தீவிலோ பினாங்கில் ஜெரெஜாக் தீவிலோ தனிமைக் காப்பு, பிறகு லயம். ஆளுக்கு ஆள் ஒப்பந்தத் தாள் கிடையாது. அது நன்மைதான், அடிமைச் சீட்டு ஒழிந்தது. ஆனால் அத்துடன் அடையாளமும் ஒழிந்தது. 1938-ல் இந்திய சர்க்கார் கூலி ஏற்றுமதியைத் தடுத்தபோது அந்த வழியும் அடைபட்டது.

தோட்டத்தில் பெயர் எழுதினவர் யார்? கிராணி. செக்ரோலில் எழுதினார். கிராணிமார்கள் இங்கே வந்திருக்கின்றார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே மனிதர் ஜனவரியில் ராமசாமி, பிப்ரவரியில் ரெங்கசாமி, வேறு தோட்டத்துக்குப் போனால் ராமன். இங்கிலீஷ் எழுத்தில் நம் பெயர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. போதாததற்கு நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. சீனர் எத்தனை தலைமுறை சென்றாலும் தான் என்றால் தான், லிம் என்றால் லிம். நமக்கோ இன்னார் மகன் இன்னார். சிங்கப்பூரில் 'சன் ஆஃப்', மலேசியாவில் 'அனாக் லெலாகி'. ஒரு படிதான் மேலே ஏற முடியும். மேலும், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே! முத்துசாமி மகன் ராமசாமி. ராமசாமி மகன் முத்துசாமி. மறுபடியும் முத்துசாமி மகன் ராமசாமி. ஏட்டைப் புரட்டுகிறவர் இரண்டு ராமசாமியும் ஒரே ஆள் என்று முடித்துவிடுவார். அறுபது வருஷம் மாயமாகிவிடும்.

இது வெறும் ஏட்டுச் சங்கடம் அல்ல என்பதற்கு 1969-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் பிரஜை அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அட்டை வைத்திருந்த தோட்டத்து ஜனங்கள் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். 'ரஜூலா' கப்பலில் ஏறி, தாங்கள் பார்த்தே அறியாத ஊருக்குப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த நாட்டு லயத்தில். காட்டுவதற்குத் தாள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு நான்கு வருஷம் முன்னதாக 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தபோது, அண்ணன் ஜோகூரிலும் தம்பி தேக்காவிலும் இருந்த குடும்பங்கள் ஒரே இரவில் இரண்டு நாட்டுக் குடும்பங்கள் ஆயின.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவரின் விஷயத்தைச் சொல்கின்றோம். பெயர் வேண்டாம். ஜோகூர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபது வயதை நெருங்கியும் கையில் சிவப்பு அட்டை. தகப்பனாரும் இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. நாமும் கூடச் சென்றோம். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுச் செம்பனையாகி, பிறகு வீடுகளாகி விட்டிருந்தது. காரியாலயத்துப் பழைய செக்ரோல்களைக் கைமாறிய சமயம் ஸ்டோருக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள் என்று பழைய காவற்காரர் சொன்னார். மூன்று நாள் எரிந்ததாம். பிறப்புப் பதிவில் தகப்பனார் பெயரைத் தேடினோம். கிருஷ்ணன் என்று யாரும் அந்த வருஷங்களில் இல்லை.

வழி காட்டியது படித்தவர் யாரும் அல்ல. தொண்ணூறை எட்டிய ஓர் அத்தை. "அவனுக்கு முந்தி இரண்டும் தங்கவில்லை. அதனால் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்தார்கள். கிருஷ்ணன் என்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்தது" என்றார். பிள்ளை தங்காத வீட்டில் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிடுவது நம் ஜனங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே! அதை ஏன் எங்களுக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கப்பட்டோம். மறுபடியும் தேடினோம். குப்பன் இருந்தார்; அதே தோட்டம், தகப்பன் பெயரும் சரி. தாயார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பால் வெட்டினவளும், ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினவளும், கோடாகிப் போனாள். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று நம்மவர் சிலர் எண்ணிச் சொல்கின்றார்கள். பாட்டியின் தாயார் பெயர் என்ன என்று இந்தக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்? பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகாரில் தங்கிய கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் மக்களைக் கேளுங்கள், தாய்வழியையும் சொல்கின்றார்கள். 1941-லேயே தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி கண்டார்கள். ஊர்ப்பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே வைத்துக் காப்பாற்றினார்கள். தோட்டத்து நாமோ ஊரை விட்டோம், தாயாரையும் விட்டோம்.

தோழரின் விண்ணப்பத்தில், குப்பனும் கிருஷ்ணனும் ஒருவரே என்று அத்தையும் இன்னொரு பெரியவரும் சத்தியப் பிரமாணம் கொடுத்திருக்கின்றார்கள். பதில் இன்னும் வரவில்லை.

ஆகவே, தேடுகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்லி வைக்கின்றோம். ஊர் தெரியவில்லை என்றால் முதலில் கங்காணியின் ஊரைக் கேளுங்கள். கங்காணி தம் ஊரைச் சுற்றித்தான் ஆள் கட்டினார். தலைக்காசு வாங்கிய கங்காணியைத் திட்டுவதற்கு எவ்வளவோ காரணம் உண்டு. ஆனால் அவர் குடும்பத்தில் ஊர்ப்பெயர் மறக்காமல் இருக்கும். அடுத்தபடி, குலதெய்வம். லயத்துக்குப் பின்னால் சூலம் நட்ட முனியாண்டியோ, மதுரை வீரனோ, அய்யனாரோ, எந்த ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்தது என்பதைப் பூசாரி வீட்டுக் கிழவர் சொல்வார். தெய்வத்தின் பெயரோடு ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு.

அதைவிட நல்லது மணியார்டர் ரசீது. ஊருக்குப் பணம் அனுப்பிய துண்டில் கிராமம், தபாலாபீசு, தாலுகா, ஜில்லா, வாங்குகிறவர் பெயர் எல்லாம் உண்டு. பொய் முகவரிக்கு எவரும் பணம் அனுப்புவதில்லை அல்லவா? இன்னொன்று, மொய் நோட்டு. கல்யாணத்தில் இரண்டு வெள்ளி எழுதினவர் பெயருக்கு முன்னால் ஊரை எழுதுவது வழக்கம். தோட்டத்துப் பெயரும் இருக்கும், தாய்நாட்டுக் கிராமமும் சில ஏடுகளில் இருக்கும். மாமன் யார், பங்காளி யார் என்பதையும் அந்த வரிசையிலேயே கண்டுகொள்ளலாம். பழைய கல்யாணப் பத்திரிகை, சங்கச் சந்தா அட்டை, பள்ளிக்கூடத்துச் சான்று, அம்மைப்பால் சீட்டு, எதையும் குப்பை என்று தள்ள வேண்டாம். சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு வேலை சற்றுச் சுலபம். பதிவு 1872-லிருந்தே இருக்கின்றது. கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டும் 1966-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 40,000 பிள்ளைகள் பிறந்தன. எருமைத் தொழுவத்தின் பெயர் இந்நாட்டில் பாதிப் பேரின் பிறப்புச் சீட்டில் ஏறிவிட்டது. (சிரிப்பு)

கல்லறையில் தேடலாமே என்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் எரிக்கின்றோம், கல் இல்லை. புதைத்தவர்களின் பிடாடாரி மயானத்தையும் 2000-க்குப் பிறகு தோண்டி எடுத்து வீடு கட்ட நிலமாக்கினார்கள். சயாம் மரண ரயில்பாதையில் போனவர்களுக்கோ குழியும் இல்லை, கணக்கும் இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் நிற்கின்றது, பெயரோடு. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சென்ற தமிழனைப் பற்றிப் பல பத்தாயிரம் பேர் என்றுதான் சொல்ல முடிகின்றது. அவர்கள் பெயர் தெரிந்த ஒரே இடம் அவரவர் வீடு. உங்கள் வீட்டில் "சயாமுக்குப் போனவர் வரவில்லை" என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு இருந்தால், அவர் பெயர், தோட்டம், போன வருஷம் மூன்றையும் இன்றிரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழங்கதையைக் குரலிலும் சேர்க்கலாம். சிங்கப்பூர் சர்க்கார் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்து வைக்கின்றது. அதில் நம்மவர் குரல்களும் உண்டு. கேம்பெல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தையும் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால், நம் லயத்துக் கிழவியிடம் போய்க் கேட்க எந்த நிலையமும் வரப்போவதில்லை. கையிலுள்ள டெலிபோனிலேயே பதிவு செய்துவிடலாம். கேட்கும்போது தேதியைக் கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். "ஜப்பான்காரன் வந்தபோது உங்களுக்குப் பல் விழுந்திருந்ததா?" என்று கேட்டால் வயதே வந்துவிடும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கூட்டம் முடிந்ததும் பின் மேசையில் இரண்டு தோழர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். தகப்பன் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தாயார் பெயர், தோட்டம், கங்காணி, குலதெய்வம் ஆகியவற்றைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள். பழைய தாள் வைத்திருப்போர் அசலைக் கொடுக்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம். கிழிந்த தாளுக்குச் செலபன் டேப் ஒட்டிவிடாதீர்கள். சில வருஷத்தில் எழுத்தையே தின்றுவிடும். மடிக்காமல் ஒரு காகித உறைக்குள் வைத்துக் கொண்டு வந்தால் போதும்.